முனுசாமி அழித்த கோப்புகள்

1

போன மாதம் அலுவலகத்தில் என்னை மேடைக்கு அழைத்து ஒரு கடிதத்தையும் பூங்கொத்தையும் கொடுத்தார்கள். இந்த நிறுவனத்தில் சேர்ந்து பத்து ஆண்டுகள் முடிந்ததற்காக. கடிதம், “மதிப்பிற்குரிய திரு. முனுசாமி அவர்களுக்கு” என்று தொடங்கியது.

முனுசாமி என் அப்பா. பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கிறார். மின்வாரியத்தில் லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனிப் பக்கமே வந்ததில்லை.

பள்ளியில் நான் மு. கலைவாணி. முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். முனுசாமி கலைவாணி ஆனேன். குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தது. இங்கே வந்து இறங்கியதும் முதலில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வங்கிக்கும் வீட்டு உரிமையாளருக்கும் பல் மருத்துவருக்கும் நான் முனுசாமிதான். அலுவலகத்தில் காபி எந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது, “முனுசாமி, பால் வேண்டுமா?” என்று கேட்பார்கள். தொடக்கத்தில் திரும்பிப் பார்க்க மறந்துவிடுவேன். இப்போது ஊருக்குப் போனால் யாராவது அப்பாவைக் கூப்பிடும்போது நானும் திரும்புகிறேன்.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்டால் பதில் சொல்வது சிரமம். இயற்பியல் ஆராய்ச்சியாளர்களுக்காகப் பல நாட்டுக் கணினிகளை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிற ஒரு பழைய மென்பொருள் இருக்கிறது. அதற்குப் பெயர் கிரிட். அதோடு புதிய வகைத் தரவுக் கிடங்கு ஒன்றை இணைப்பது என் வேலை. அந்தக் கிடங்குக்கு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்று பெயர்.

இதை நான் சேர்ந்த புதிதில் தொலைபேசியில் சொன்னபோது அப்பா கிரிட்டை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“என்னா கிரிட்டும்மா? நம்ம கிரிட்டா?”

“இல்லப்பா. இது கம்ப்யூட்டர். விஞ்ஞானி ஒருத்தர் இங்க உக்காந்து ஒரு கணக்கு போட்டா, அது எந்த நாட்டு மெசின்ல ஓடுதுன்னு அவருக்கே தெரியாது.”

“கரண்டும் அப்டித்தான? நீ சுவிட்ச போட்டா அது மேட்டூர்ல இருந்து வருதா, நெய்வேலில இருந்து வருதான்னு பல்புக்குத் தெரியுமா? அப்ப நம்ம டிபார்ட்மெண்ட்டுதான்.”

அவர் சொன்னது உண்மையில் சரி. மின்சாரத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயரே வைத்தார்கள். ஆனால் அப்பா இதைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த விடுமுறையில் போனபோது உரக்கடைக்காரர் என்னை நிறுத்தி, “சாயங்காலம் ஆனா மோட்டாருக்கு வோல்டேஜ் பத்தலீங்க. மேல கொஞ்சம் சொல்லுங்க” என்றார்.

அம்மா பிடித்துக்கொண்டது கிடங்கு என்ற சொல்லை. கல்யாண வீடுகளில், “எம்பொண்ணு ஜெர்மனில பெரிய குடோன்ல இருக்கா” என்று சொல்லிவந்தாள். மூட்டை தூக்குற வேலையா என்று பெரியம்மா ஒருத்தி கவலையோடு கேட்டாளாம். ஆக, சொந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் மின்சாரம், மீதிப் பேருக்கு மூட்டை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் வேலையின் சிக்கலே அந்த இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாததுதான்.

கிரிட் பழைய காலத்து அதிகாரி மாதிரி. ஆளைப் பார்க்கும், பெயரைக் கேட்கும், சான்றிதழ் கேட்கும். சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க நேரில் போய் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். தரவுக் கிடங்குக்கு இதெல்லாம் தெரியாது. அதற்கு ஒரு ரகசியச் சாவி போதும். சாவியை யார் கொண்டுவந்தாலும் கதவைத் திறக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கிரிட்டுக்கு எல்லாம் அடுக்கு அடுக்கான கோப்புறைகள். கிடங்கில் கோப்புறை என்று ஒன்றுமே கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் நீளமான ஒரு பெயர், அவ்வளவுதான். பெயருக்கு நடுவே சாய்கோடு இருப்பதால் நமக்குக் கோப்புறை மாதிரித் தெரியும். அதனால் அங்கே ஒரு கோப்புறைக்குப் பெயர் மாற்ற வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் புதிய பெயரில் நகல் எடுத்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். நகல், அழி, நகல், அழி. லட்சக்கணக்கில்.

அந்த நிரலை எழுதியவள் நான். நகலெடுக்கும் வேலையைக் கிரிட் மூலமாக, சான்றிதழைக் காட்டிச் செய்யவைத்தேன். அழிப்பதை நேராகச் சாவியை வைத்துச் செய்யவைத்தேன். அது வேகமாக இருந்தது. அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

3

எலீனா எங்கள் கட்டடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் பெண். விண்வெளியிலிருந்து வரும் துகள்களைப் பற்றி மூன்று ஆண்டுகளாகக் கணக்கிட்டுச் சேர்த்த முடிவுகள் முழுவதும் அந்தக் கிடங்கில், என் பெயரில் உருவாக்கிய ஒரு பக்கெட்டில் இருந்தன. பக்கெட் என்பது அங்கே பெரிய தொகுப்புக்குப் பெயர். அவளுடைய உதவித்தொகை முடிய இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் அறைக்கு வந்து, “கோப்புறையின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. மாற்றித் தர முடியுமா?” என்று கேட்டாள்.

“ஒரு நிமிடம்” என்று சொல்லி நிரலை ஓடவிட்டேன். ஓடி முடிய சனி, ஞாயிறும் ஆகும், திங்கள்கிழமை பார்த்துக்கொள்வோம் என்று அவரவர் வேலைக்குக் கிளம்பிவிட்டோம்.

அன்று நண்பகலோடு என் சான்றிதழ் காலாவதி ஆகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதுதான் தோன்றவில்லை.

நண்பகலில் கிரிட் என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. நகலெடுப்பது நின்றது. ஆனால் அந்தப் பழைய மென்பொருளுக்கு ஒரு பழக்கம். வேலையைக் கொடுத்தால் “பெற்றுக்கொண்டேன்” என்று மரியாதையாகப் பதில் சொல்லும். முடித்தேனா என்பதைப் பிறகு தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என் நிரல் கேட்கவில்லை. பெற்றுக்கொண்டேன் என்றதும் நகல் எடுத்தாயிற்று என்று நம்பிப் பழையதை அழித்தது. சாவிக்குக் காலாவதி கிடையாது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல் அழித்திருக்கிறது.

திங்கள்கிழமை காலையில் எலீனா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. மீதியை வேறெங்காவது வைத்திருக்கிறாயா?”

யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கிடங்கு குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். சாவிக்கு நான் வைத்திருந்த பயனர் பெயர் ‘முனுசாமி’. வரிவரியாக அதுவே வந்தது. முனுசாமி அழித்தார். முனுசாமி அழித்தார். எத்தனை பக்கம் தள்ளினாலும் முனுசாமி அழித்தார். எலீனா என் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்தாள். திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

ஒரே ஒரு நல்ல செய்தி இருந்தது. அந்தக் கிடங்கு அழிப்பதை உடனே அழிப்பதில்லை. அழிந்ததாக அடையாளம் வைத்து ஏழு நாள் மறைத்துவைக்கும். பிறகுதான் துடைக்கும். முதல் தொகுதி வரும் வெள்ளிக்கிழமை நண்பகலில் போய்விடும். அந்த அடையாளத்தை நீக்கும் அதிகாரம் சாவிக்கு இல்லை. எழுத, படிக்க, அழிக்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தேன். மீட்பது ஆபத்தான காரியம் என்று நினைத்து அதை மட்டும் கொடுக்கவில்லை. உரிமையாளர் தன் சான்றிதழோடு வந்தால்தான் மீட்கலாம். உரிமையாளர் பெயர்: முனுசாமி கலைவாணி.

கிடங்கை நடத்துவது வேறொரு நாட்டில் இருக்கும் மையம். அவர்களைக் கூப்பிட்டேன். மிகவும் அன்பாகப் பேசினார்கள். உரிமையாளர் யாராக இருந்தாலும் செல்லுபடியாகும் சான்றிதழோடு வரட்டும் என்றார்கள்.

4

சான்றிதழ் ஏன் அதுவரை புதுப்பிக்கப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். குற்றம் என்னுடையதுதான். போன விடுமுறையில் புதிய பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பதால் விமானச் சீட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் தொல்லை என்று, நானே பெயரை இரண்டாகப் பிரித்து எழுதினேன். பெயர் கலைவாணி, குடும்பப்பெயர் முனுசாமி. அச்சில் வந்தபோது கலைவாணி முனுசாமி.

எங்கள் நிறுவனத்தில் அடையாளத்தைச் சரிபார்ப்பவர் திருமதி ஹெல்விக். இரண்டாம் மாடியில் இருக்கிறார். பத்து வருடமாக நாங்கள் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறோம். என் புளிச்சோற்றில் பாதி அவருக்குத்தான். அவர் பழைய சான்றிதழையும் புதிய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“முனுசாமி, இது வேறு ஆள்.”

“நான்தானே உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.”

“உன்னை எனக்குத் தெரியும். இவளைத்தான் தெரியாது” என்று பாஸ்போர்ட்டைத் தட்டினார். புதிய பெயரில் புதிய சான்றிதழ் வேண்டுமானால் தருகிறேன் என்றார். அதை வைத்துக் கிடங்குக்குப் போனால் நான் யாரோ ஒருத்தி. பழைய பெயரிலேயே தொடர வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒருவர்தான் என்று ஏதாவது ஒரு தாள் வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே இதைச் சொன்னார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான்தான் விட்டுவிட்டேன்.

திங்கள்கிழமை மாலை வீட்டில் மடிக்கணினியைத் திறந்து பதிவேட்டை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயது மகள் நிலா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்து தெரியும். கோப்புப் பெயர்களில் இருந்த எலீனாவையும் தாத்தா பெயரையும் கூட்டிப் படித்துவிட்டாள். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புமுன் அப்பாவோடு வீடியோவில் பேசும்போது நேராகக் கேட்டாள்.

“தாத்தா, ஏன் எலீனா ஆன்ட்டியோட ஃபைல் எல்லாத்தையும் அணைச்சீங்க?”

இந்த ஊர் மொழியில் தீயை அணைப்பதற்கும் கோப்பை அழிப்பதற்கும் ஒரே சொல். அவள் அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தாள். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

“நான் ரிட்டயர் ஆயி ஆறு வருசம் ஆச்சு பாப்பா. நான் எதையும் அணைக்கல.”

“உங்க பேர் இருக்கு தாத்தா. அம்மா பக்கெட்ல.”

“பக்கெட்லயா?”

நான் போனை வாங்கி நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “கை வெக்கறதுக்கு முன்னாடி லைன் க்ளியர் வாங்கினியா?” என்றார். மின்கம்பத்தில் ஏறும் முன் துணைமின் நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி எழுதி வாங்கும் அனுமதி அது.

“இல்லப்பா.”

“ம்.”

அந்த ‘ம்’ எனக்குப் புரியும். அவரே தொடர்ந்தார்.

“முப்பத்திரண்டு வருசத்துல எம் பேர்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் கெடையாதும்மா. நான் கட்டுன லைன்ல ஒரு ஆடு மாடு செத்ததில்ல. இப்ப எங்கியோ ஒரு நாட்டுல முனுசாமி அழிச்சான்னு எழுதி வெச்சிருக்குது. அந்தப் புள்ள படிப்பு என்னா ஆவறது? என்னா தாளு வேணும், சொல்லு.”

5

புதன்கிழமை அப்பா பஸ் ஏறி அரூருக்குப் போனார். பழைய பாஸ்போர்ட் நகல், புதிய பாஸ்போர்ட் நகல், என் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒரு மஞ்சள் பையில். நோட்டரி வக்கீல் வெளியே போயிருந்தார். தட்டச்சு செய்யும் அம்மாள் விவரம் கேட்டு எழுதிக்கொண்டாராம். அந்தப் பேச்சை அப்பா பிறகு எனக்கு அப்படியே சொன்னார்.

“முனுசாமிங்கறது யாருங்க?”

“நாந்தானுங்க.”

“கலைவாணி?”

“எம்பொண்ணுங்க. ஆனா அங்க அதுவும் முனுசாமிதானுங்க.”

“அப்ப ரெண்டு முனுசாமியா?”

“இல்லீங்க. முனுசாமி, கலைவாணி ரெண்டும் ஒரே ஆளுங்க. அதத்தான் எழுதித் தரோணும்.”

அந்த அம்மாள் அதைத்தான் எழுதினார். வக்கீல் வந்து முத்திரை குத்தினார். மாலையில் அப்பா படம் பிடித்து அனுப்பினார். ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரம் இது: பாப்பிரெட்டிப்பட்டியில் வசிக்கும் முனுசாமி ஆகிய நான் உறுதியளிப்பது என்னவென்றால், முனுசாமி ஆகிய நானும் என் மகள் கலைவாணியும் ஒரே நபர், வெவ்வேறு நபர்கள் அல்ல. கீழே அப்பாவின் கையெழுத்து. வட்ட முத்திரை. மேலே இரண்டு பேர் புகைப்படமும் ஒட்டியிருந்தது. மீசையோடு ஒருவர், மூக்குத்தியோடு ஒருத்தி.

நான் அதை அச்சடித்து வியாழக்கிழமை காலை திருமதி ஹெல்விக்கிடம் கொண்டுபோனேன். சரியாகப் படிக்க மாட்டார் என்ற சின்ன ஆசை இருந்தது. இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறை படித்தார்.

“இதில் நீ யார்?”

“வலது பக்கம் இருப்பவள்.”

“இவர்?”

“என் அப்பா.”

“இவரும் நீயும் ஒருவர் என்று உங்கள் நாட்டு வழக்கறிஞர் சொல்கிறார்.”

“சொல்கிறார். ஆனால் அது உண்மையில்லை” என்றேன்.

“எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது” என்றார். ஏற்க மறுத்துவிட்டார். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அப்பாவிடம் சொன்னபோது நான் பயந்த மாதிரி அவர் கோபப்படவில்லை. “நான் சொன்னதத்தான் அந்தம்மா அடிச்சிருக்குது. தப்பு என்னுது. நாளைக்கு மொத பஸ்ல போறேன்” என்றார். எலீனா அன்று முழுவதும் என் அறையிலேயே இருந்தாள். எது போனால் எதை எத்தனை நாளில் மறுபடி கணக்கிடலாம் என்று ஒரு பட்டியல் போட்டாள். மூன்று மாதத்தில் முடியக்கூடியதாக அதில் ஒன்றுமில்லை. சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தோசை சுட்டுப் போட்டேன். இரண்டு தோசைக்குப் பிறகு, “உன் அப்பா எனக்காகப் பேருந்தில் போகிறாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் அழுதாள்.

6

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருமதி ஹெல்விக் என்னை மேலே கூப்பிட்டார். ஊரில் அப்போது மதியம் தாண்டியிருந்தது. அப்பாவிடமிருந்து இன்னும் தாள் வரவில்லை. வக்கீல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார், காத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மேசைமீது ஒரு பழுப்பேறிய கோப்பு இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த முதல் விண்ணப்பம். பத்து வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து. அதன் ஓரத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

“படி” என்றார்.

இந்த மொழியில் கையெழுத்தைப் படிக்க எனக்கு இன்னும் நேரம் ஆகும். அவரே படித்துக் காட்டினார். “தென்னிந்தியர். முதலில் இருப்பது தந்தை பெயர். பிற்காலத்தில் வரிசை மாறலாம்.”

“யார் எழுதியது?”

“நான். அன்றைக்கு நீயே விளக்கிச் சொல்லியிருக்கிறாய். நான் குறித்துவைத்திருக்கிறேன்.” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண் முன்னால் உட்கார்ந்திருந்த என்னை அவரால் நம்ப முடியவில்லை. முத்திரை வைத்த உறுதிமொழியை நம்ப முடியவில்லை. தன் பென்சில் எழுத்தை நம்பாமல் இருக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஒன்பது மணிக்குப் பழைய பெயரிலேயே சான்றிதழ் வந்தது. ஒன்பதே காலுக்குக் கிடங்கு என்னை அடையாளம் கண்டுகொண்டது. அடையாளங்களை நீக்கும் கட்டளையை மூன்று முறை சரிபார்த்தேன். எலீனா நான்காம் முறை சரிபார்த்தாள். ஓடவிட்டோம். கோப்புகள் எழுந்து வரத் தொடங்கின. பதினொன்றரைக்கு எண்ணிப் பார்த்தோம். ஒன்றுகூடக் குறையவில்லை. எலீனா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குளிரில் நின்றாள். திரும்பி வந்தபோது, “கோப்புறைக்குப் பழைய பெயரே இருக்கட்டும்” என்றாள்.

எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவின் இரண்டாவது தாள் வந்தது. இம்முறை எல்லாம் சரியாக இருந்தது. முனுசாமி கலைவாணியும் கலைவாணி முனுசாமியும் ஒரே நபர். வக்கீல் வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறார்.

உடனே கூப்பிட்டார். பின்னால் அரூர் பஸ் நிலையத்தின் இரைச்சல்.

“இது போதுமா பாரு. பத்தலன்னா இங்கியே இருக்கேன். மறுபடி போய் மாத்திக்கினு வரேன்.”

இந்தத் தாள் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

“போதும்பா. எல்லாம் திரும்பி வந்துருச்சு. அந்தப் பொண்ணு உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா.”

“முனுசாமி அழிச்சான்னு இருந்துச்சே?”

“அதுக்குக் கீழயே முனுசாமி மீட்டார்னு வந்துருச்சு.”

“ம்” என்றார். இது வேறு ‘ம்’.

மதியம் திருமதி ஹெல்விக் இரண்டாவது தாளையும் வாங்கிக்கொண்டார். முதல் தாளைக் கிழித்துவிடலாமே என்றேன். திகைத்துப் போனார். முத்திரை உள்ள ஆவணத்தைக் கிழிக்க முடியாது, கோப்பில் வந்த எதுவும் கோப்பிலேதான் இருக்கும் என்றார். வரிசை எண் போட்டு இரண்டையும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். நானும் நீங்களும் ஒரே ஆள் என்று இங்கே ஓர் அலமாரியில் சட்டப்படி ஒரு தாள் இருக்கிறது, யாரும் அதை ரத்து செய்யவில்லை என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

முதல் எட்டு வருடமும் ஒவ்வொரு விடுமுறையிலும் அவரை இங்கே அழைத்திருக்கிறேன். அங்க வந்து நான் என்னா பண்றது, பாஷையும் தெரியாது, குளிரும் ஆவாது என்று தட்டிக்கழித்துவிடுவார். அதனால் இரண்டு வருடமாகக் கேட்பதையே விட்டிருந்தேன்.

இப்போது அவரே கேட்டார்.

“அப்ப நான் அங்க வரணும்னா விசா வேணாமில்ல?”

“கேட்டுச் சொல்றேன்பா” என்றேன்.